ஆல்டர் வண்டிக்கு இண்டிகேட்டர் ஒயரிங்: ரெசிஸ்டரா, ரிலேவா, பழைய பல்பேவா?

ஸ்ப்ளெண்டரை கஃபே ரேசர் ஆக்குகிறவர்கள், யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எங்கிருந்தோ தேடிப் பிடித்து மீட்டெடுக்கிறவர்கள், புல்லட்டின் பின் மட்கார்டை வெட்டி பாபர் ஆக்குகிறவர்கள் எல்லோருமே சீட்டு, சைலன்சர், பெயின்ட் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். இண்டிகேட்டர் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ, தங்கள் ஊர் ஆக்சஸரீஸ் கடையிலோ விரல் நீள எல்இடி இண்டிகேட்டர் ஒரு செட் வாங்கி, பழைய ஒயரிலேயே கோர்த்து, சாவியைத் திருப்பி சுவிட்சைத் தள்ளுவார்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். படபடவென்று வெறி பிடித்த மாதிரி மின்னும். அல்லது மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும். அல்லது இடது பக்கம் போட்டால் நான்கும் சேர்ந்து மின்னும்.

உடனே பக்கத்தில் நிற்கிற மெக்கானிக் ஒரு வைத்தியம் சொல்வார். அநேகமாக அது 'ஒரு ரெசிஸ்டர் போட்டுடலாம்' என்பதாக இருக்கும். வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அதுதான் நல்ல வழியா என்பது வண்டியைப் பொறுத்த விஷயம். கையில் இருக்கும் வழிகள் நான்கு: பழைய பல்பையே வைத்துக்கொள்வது, எல்இடியுடன் ரெசிஸ்டர் சேர்ப்பது, ஃப்ளாஷர் ரிலேயை (இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்ன வைக்கும் சின்ன டப்பா) மாற்றுவது, மொத்த ஒயரிங்கையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் வைப்பது. என் ஓட்டு பெரும்பாலான வண்டிகளுக்கு மூன்றாவது வழிக்குத்தான், அதுவும் இரண்டு டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்) சேர்த்து. மற்ற மூன்றுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு.

பழைய ஃப்ளாஷர் ஏன் குழம்புகிறது

நம்மூர் கம்யூட்டர் வண்டிகளில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட் 10 வாட் பல்புகள் நான்கு. ஒரு பக்கம் போட்டால் முன்னும் பின்னுமாக இரண்டு எரியும். 20 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 1.7 ஆம்பியர். பழைய ஃப்ளாஷர் இந்தக் கரன்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. சூடாகி வளையும் தகட்டை வைத்து வேலை செய்கிற பழைய ரகம் என்றால், கரன்ட் ஓடி அந்தத் தகடு சூடானால்தான் தொடர்பு விட்டு விட்டுச் சேரும். அதற்கு அடுத்து வந்த, இரண்டு பின் (சொருகும் முனை) உள்ள எலக்ட்ரானிக் ரகம் கரன்ட்டை அளந்து பார்க்கும். குறைந்தால் ஒரு பல்பு ஃப்யூஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று வேகமாக மின்னும்.

சிறிய எல்இடி இண்டிகேட்டர் ஒன்று இழுப்பது ஒன்று, ஒன்றரை வாட். இரண்டும் சேர்ந்தாலும் கால் ஆம்பியர்தான். தகட்டு ரகத்துக்கு இந்தச் சூடு போதாது, அதனால் மின்னாமல் நின்றுவிடும். அளந்து பார்க்கும் ரகமோ பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடக்கும். ஆக, எல்இடி மாட்டியதும் வேகமாக மின்னினால் உங்கள் ஃப்ளாஷர் எலக்ட்ரானிக், அசையாமல் எரிந்தால் தகட்டு ரகம் என்று கழற்றிப் பார்க்காமலே ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான்கும் சேர்ந்து மின்னுவது வேறு கதை. அதற்கும் ஃப்ளாஷருக்கும் சம்பந்தமில்லை. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பல்பையே வைத்துக்கொண்டால் என்ன

இந்த வழியை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆர்எக்ஸ் 100-ஐ பழைய தோற்றத்துக்கே கொண்டுவருகிறீர்கள் என்றால், அந்த குரோம் கழுத்து இண்டிகேட்டர்தான் அதற்கு அழகு. ஒயரிங்கில் எதையும் தொட வேண்டாம். ஒரு பல்பு போனால் மின்னும் வேகம் மாறி உங்களுக்குச் சேதி சொல்லும். மத்தியான வெயிலில் ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது பின்னால் வருகிறவருக்கு 10 வாட் பல்பும் பெரிய ஆரஞ்சு கண்ணாடியும் தெரிகிற அளவுக்கு, மலிவு விலை விரல் நீள எல்இடி தெரியாது. அதிலும் புகைநிறக் கண்ணாடி போட்ட எல்இடி பகலில் எரிகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்மையானவைதான். புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் அதிர்வில் பல்பின் இழை அடிக்கடி அறுந்துபோகும். கிக் ஸ்டார்ட் ஸ்ப்ளெண்டர் மாதிரி 2.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வைத்த வண்டியில், சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்தால் விளக்கு மங்கும், மின்னும் வேகமும் தடுமாறும். பேட்டரி வயதானதென்றால் கேட்கவே வேண்டாம். இந்த இரண்டு தொல்லையும் எல்இடி வந்ததும் போய்விடும்.

பழைய இண்டிகேட்டர் கூட்டுக்குள்ளேயே எல்இடி பல்பு போடுவது ஒரு இடைவழி. ஹோல்டரில் அப்படியே உட்காரும், வெளியில் தோற்றம் மாறாது. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் வெளிறிப்போன மஞ்சளாகத் தெரியும், ஆரஞ்சு எல்இடியே வாங்குங்கள். அப்புறம், வெள்ளைக் கண்ணாடி வைத்த புது ரக இண்டிகேட்டர்களில் பல்பே ஆரஞ்சாக இருக்கும். அதன் அடியில் உள்ள இரண்டு முனைகளும் நேர் எதிரெதிரே இல்லாமல் சற்று விலகியிருக்கும், சாதாரண வெள்ளை பல்பை யாரும் தவறிப்போய் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பல்பைக் கழற்றி கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. ஃப்ளாஷர் குழப்பம் இதிலும் அதேதான். தீர்வும் அதேதான்.

ரெசிஸ்டர்: கடைக்காரரின் செல்லப்பிள்ளை

ரெசிஸ்டர் செய்வது ஒரு ஏமாற்று வேலை. எல்இடி இழுக்காத கரன்ட்டைத் தான் இழுத்து, பல்பு இருப்பதாக ஃப்ளாஷரை நம்பவைக்கிறது. இண்டிகேட்டருக்குக் கரன்ட் கொண்டுவரும் ஃபீட் ஒயரிலிருந்து எர்த்துக்கு, எல்இடிக்குப் பக்கவாட்டில் கோர்க்க வேண்டும். தொடராகக் கோர்த்தால் விளக்கு மங்குமே தவிர வேறு பயன் இல்லை.

சந்தையில் இரண்டு அளவு புழங்குகிறது. 25 வாட் 10 ஓம் என்பது பைக்குக்கு, 50 வாட் 6 ஓம் என்பது காரின் 21 வாட் பல்புக்கு. தங்க நிற அலுமினியக் கூடு, இரண்டு பக்கமும் திருகு ஓட்டை. 10 ஓம் ரெசிஸ்டரில், வண்டி ஓடும்போது இருக்கும் 13.5 வோல்ட்டில், 1.35 ஆம்பியர் ஓடும். அதாவது சுமார் 18 வாட். பழைய இரண்டு பல்பும் சேர்ந்து இழுத்தது கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒன்று, வண்டிக்கு இரண்டு போதும். நான்கு விளக்குக்கு நான்கு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். நான்கு போட்டால் ஒரு பக்கத்துக்கு 36 வாட். பல்பு காலத்தில் இருந்ததைவிட அதிகச் சுமை. பேட்டரியை மிச்சம் பிடிக்க எல்இடி வாங்கிவிட்டு, அதே கரன்ட்டை ஒரு அலுமினியத் துண்டில் எரிக்கிற கதையாகிவிடும்.

எரிக்கிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்தாலும் சராசரியாக 9 வாட் சூடு. பெட்டி மேல் 25 வாட் என்று போட்டிருப்பது, உலோகத்தோடு இறுக்கித் திருகி, சூடு அந்த உலோகத்துக்குள் இறங்கினால் மட்டும் செல்லும் கணக்கு. சீட்டுக்கு அடியில் ஒயர்க் கொத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டிவிட்டால், இண்டிகேட்டரை அணைக்க மறந்து சில நிமிடம் ஓட்டினாலே பக்கத்து ஒயரின் உறை இளக ஆரம்பிக்கும். ஃபைபர் கவருக்கும் அதே கதி. சேஸிஸ் இரும்பிலோ, பேட்டரிப் பெட்டியின் தகட்டிலோ திருகுங்கள். பெட்ரோல் ட்யூப் போகும் வழியில் வேண்டவே வேண்டாம்.

இத்தனை சொன்னாலும் ரெசிஸ்டருக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. புது வண்டிகள் சிலவற்றில் ஃப்ளாஷர் தனி டப்பாவாக இருக்காது. மீட்டருக்குள்ளோ, வேறொரு எலக்ட்ரானிக் பெட்டிக்குள்ளோ மற்ற வேலைகளோடு சேர்ந்து இருக்கும். அதைக் கழற்றி மாற்ற முடியாது, திறந்தால் வாரன்டியும் போச்சு. அங்கே ரெசிஸ்டர்தான் வழி, வேறு பேச்சில்லை. அதனால் எதை வாங்குவதற்கு முன்னும் முதல் வேலை, உங்கள் ஃப்ளாஷர் எங்கே இருக்கிறது என்று தேடுவது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு 'டிக் டிக்' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். சீட்டுக்கு அடியிலோ, டேங்குக்கு அடியிலோ, ஹெட்லைட் டூமுக்குள்ளோ ரப்பர் உறை போட்ட சின்ன டப்பா ஒன்று கிடைத்தால் உங்களுக்கு ரெசிஸ்டர் தேவையில்லை.

ரிலேயை மாற்றுவது

எல்இடி ஃப்ளாஷர் ரிலே என்று கேட்டால் கொடுப்பார்கள். இது கரன்ட்டை அளப்பதில்லை. உள்ளே இருக்கும் டைமர் சொல்லும் வேகத்தில் மின்னும், எல்இடியோ பல்போ கவலையில்லை. விலையும் ரெசிஸ்டர் ஜோடியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்னால் எல்இடி, பின்னால் பல்பு என்று கலந்து வைத்தாலும் தாங்கும். பழைய ஃப்ளாஷரில் அப்படிக் கலந்தால் 'ஒரு பல்பு போச்சு' என்றே படபடக்கும்.

இதில் இரண்டு பின், மூன்று பின் என இரண்டு ரகம். இரண்டு பின் ரகத்தின் வசதி, பழைய கப்ளரில் அப்படியே சொருகிவிடலாம். ஆனால் அதற்கு எர்த் கிடையாது. தன் உள் சர்க்யூட் ஓடுவதற்கான சின்னக் கரன்ட்டை விளக்குகள் வழியாகத்தான் இழுத்தாக வேண்டும். பல்பு அந்தக் கசிவைக் கண்டுகொள்ளாது. எல்இடி கண்டுகொள்ளும். அணைய வேண்டிய நேரத்திலும் இரவில் மெல்லிசாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். எல்லா இரண்டு பின் ரிலேயும் இப்படி இல்லை, ஆனால் மலிவானவற்றில் இது சகஜம். மூன்று பின் ரகத்துக்குத் தனி எர்த் இருப்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. ஒரே ஒரு எர்த் ஒயர் கூடுதலாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் மூன்று பின்தான் போடச் சொல்வேன்.

பின்களில் பி, எல், இ என்று எழுதியிருக்கும். பி என்பது சாவி வழியாக வரும் பேட்டரி, எல் என்பது இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போவது, இ என்பது எர்த். ஐரோப்பிய ரிலேக்களில் இவையே 49, 49ஏ, 31 என்று இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரிலேயில் பி-யும் எல்-லும் இடம் மாறியிருப்பதுண்டு. உருவத்தை நம்பாமல் எழுத்தைப் படித்துச் சொருகுங்கள். வண்டிப் பக்கத்துக் கப்ளரில் எது பி என்று தெரியவில்லையா, சாவியை ஆன் செய்து டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து மறு முனையால் இரண்டு துளையையும் தொட்டுப் பாருங்கள். எரிவது பி, எரியாதது எல்.

ஒயர் நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதுவும் எப்படி மாறுகிறது என்றால் ஒருவருக்கு எர்த் இன்னொருவருக்கு இண்டிகேட்டர். ஹோண்டாவிலும் பழைய ஹீரோ ஹோண்டாவிலும் பச்சை எர்த், கறுப்பு சாவி வழியாக வரும் பேட்டரி, சாம்பல் நிறம் ஃப்ளாஷரிலிருந்து சுவிட்சுக்கு, ஆரஞ்சு இடது, வெளிர் நீலம் வலது. யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரி, பழுப்பில் வெள்ளைக் கோடு ஃப்ளாஷர் வெளியே, சாக்லேட் நிறம் இடது, கரும்பச்சை வலது. சுசூகியில் கறுப்பு இடது, வெளிர் பச்சை வலது, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது எர்த். ஸ்ப்ளெண்டரில் கை பழகியவர் ஆர்எக்ஸில் பச்சையை எர்த் என்று நினைத்து ரிலேயின் இ முனையை வலது இண்டிகேட்டரில் கோர்த்துவிட இதுவே போதும். சுசூகி சாமுராயில் கறுப்பை எர்த் என்று பிடித்தால் சுவிட்சைத் தள்ளியதும் ஃப்யூஸ் போகும். புதுப்பேட்டையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஒயரிங் கிட் மாட்டிய வண்டியென்றால் நிறத்தை மறந்துவிட்டு டெஸ்ட் லாம்ப்பையே நம்புங்கள்.

இந்த வழியில் இழப்பது ஒன்று உண்டு. ரிலே கரன்ட்டை அளப்பதில்லை என்பதால், பின் இண்டிகேட்டர் ஒன்று செத்துப்போனாலும் மற்றது அதே தாளத்தில் மின்னும், மீட்டரிலும் வித்தியாசம் தெரியாது. ரெசிஸ்டர் போட்டாலும் இதே கதைதான், அங்கே ரெசிஸ்டரே பல்பு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. பழைய பல்பும் பழைய ஃப்ளாஷரும் மட்டும்தான் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கும். எல்இடிக்கு மாறினால் வாரம் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து பார்க்கிற பழக்கம் வேண்டும்.

சத்தம் இல்லாமல் போவதும் சிலருக்குத் தொல்லை. முழுக்க எலக்ட்ரானிக் ரிலே 'டிக்' என்று அடிக்காது. திரும்பிய பிறகும் இண்டிகேட்டர் எரிந்துகொண்டே போகும். நம்மூரில் இதற்காகவே பஸ்ஸர் மாட்டுவார்கள். குருவி கத்துவதிலிருந்து பாட்டு வரை எல்லாம் கிடைக்கிறது. அந்தப் பஸ்ஸரும் அடுத்து வரும் பிரச்சினையில் பங்குதாரர்.

நான்கும் மின்னினால்: இரண்டு டையோடு

மீட்டரைப் பாருங்கள். இடதுக்கு ஒரு அம்பு, வலதுக்கு ஒரு அம்பு என்று தனித்தனி பைலட் விளக்கு இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு என்றால் இதுதான் உங்களுக்கு முக்கியம்.

ஒற்றை பைலட் விளக்கைக் கம்பெனியில் எப்படிக் கோர்த்திருப்பார்கள் என்றால், ஒரு முனை இடது ஒயரில், மறுமுனை வலது ஒயரில். எர்த் கிடையாது. இடது போட்டால் கரன்ட் பைலட் வழியாகப் போய், சும்மா இருக்கும் வலது பல்புகளின் வழியாக எர்த்துக்கு இறங்கும். பைலட்டின் 3 வாட்டுக்கு ஓடும் கால் ஆம்பியர் வலது பக்கத்து 10 வாட் பல்புகளைச் சிவக்க வைக்கக்கூடப் போதாது. அதனால் பைலட் மட்டும் எரியும். சிக்கனமான, புத்திசாலித்தனமான ஏற்பாடு. வலது பக்கம் எல்இடி வந்ததும் இது கெட்டுப்போகிறது. எல்இடிக்கு அந்தச் சின்னக் கரன்ட்டே சாப்பாடு. நான்கும் மின்னும், பைலட் மங்கலாகவோ எரியாமலோ இருக்கும். இடதுக்கும் வலதுக்கும் நடுவே மாட்டிய இரண்டு ஒயர் பஸ்ஸரும் இதே குறுக்கு வழியைத் திறந்துவிடும்.

சரி, தீர்வு என்ன? 1என்4007 டையோடு இரண்டு. ரிச்சி தெருவிலோ எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும். பைலட்டின் இரண்டு ஒயரையும் ஹெட்லைட் டூமுக்குள் கழற்றிக்கொள்ளுங்கள். இடது ஒயரிலிருந்து ஒரு டையோடு, வலது ஒயரிலிருந்து ஒரு டையோடு, இரண்டின் வெள்ளிக்கோடு போட்ட முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து பைலட்டின் ஒரு ஒயரில் கோருங்கள். பைலட்டின் மறு ஒயர் எர்த்துக்கு. இப்போது எந்தப் பக்கம் மின்னினாலும் பைலட்டுக்கு கரன்ட் வரும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாண்டாது. 1 ஆம்பியர் தாங்கும் டையோடுக்குக் கால் ஆம்பியர் ஒரு சுமையே இல்லை. பஸ்ஸரையும் பைலட்டோடு சேர்த்து இதே இடத்தில் கோர்த்துவிடலாம்.

சின்ன வட்ட மீட்டர் மாட்டுகிற கஃபே ரேசர்களில் பைலட்டே எல்இடியாக இருக்கும். அதை இடதுக்கும் வலதுக்கும் நடுவில் பழைய முறைப்படி கோர்த்தால் ஒரு பக்கம் போட்டால் மட்டும் எரியும், மறு பக்கத்துக்கு எரியாது, எல்இடி ஒரு திசையில்தானே கரன்ட்டை விடும். அதற்கும் இதே இரண்டு டையோடுதான் மருந்து.

இங்கே ரெசிஸ்டருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் பைலட்டின் கரன்ட் அதன் வழியாகவே எர்த்துக்கு இறங்கிவிடும். எதிர்ப்பக்க எல்இடிக்கு 2 வோல்ட் அளவுதான் மிஞ்சும், அதில் அது எரியாது. அதாவது படபடப்பு, நான்கும் மின்னுவது என்ற இரண்டு நோயையும் ஒரே பொருள் தீர்த்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ரெசிஸ்டரைக் கைவிடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரிலேயை மட்டும் மாற்றி, நான்கும் மின்னுவதைப் பார்த்து, 'இந்த ரிலே டூப்ளிகேட்' என்று தூக்கிப்போட்டவர்கள் ஏராளம். ரிலே மேல் தப்பில்லை.

ஒயரிங்கையே மாற்றுவது

ஜெர்மனியின் மோட்டோகேட்ஜெட் கம்பெனியின் எம்-யூனிட் போன்ற பெட்டிகள் ஃப்ளாஷர், ஃப்யூஸ், ஹார்ன், ஹெட்லைட் என எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கை அளவில் அடக்கிவிடும். ஹேண்டில்பார் சுவிட்சுகள் சிக்னலை மட்டும் அனுப்பும், கரன்ட்டை அந்தப் பெட்டி விடும். அதனால் கைப்பிடிக்குள்ளே மெல்லிய ஒயர்களை மறைத்து இழுக்கலாம். வேலை சுத்தமாக இருக்கும். ஐரோப்பாவிலேயே 300 யூரோவுக்கு மேல் விலை. நம்மூருக்கு வந்து சேரும்போது, ஒரு பழைய ஸ்ப்ளெண்டரே அந்த விலைக்கு வந்துவிடும்.

காசு இருந்தாலும் ஒரு தடை உண்டு. பழைய கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, மேக்னட் காயிலின் ஏசி கரன்ட்டில் நேராக எரிகிறது. எம்-யூனிட் முழுக்க டிசி வண்டிக்கானது. அப்படியென்றால் காயில் மாற்றம், ரெகுலேட்டர் மாற்றம், பெரிய பேட்டரி என்று வேலை வளரும். இன்ஜினைத் தவிர எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுகிற பெரிய பட்ஜெட் புல்லட்டுக்கோ 650 ட்வினுக்கோ இது பொருந்தும். இண்டிகேட்டருக்காக மட்டும் இதை வாங்குவது அதிகப்படி.

எதை எடுத்தாலும் எர்த்

பழைய குரோம் இண்டிகேட்டர்கள் பலவற்றில் ஒரே ஒயர்தான். எர்த் அதன் தண்டு வழியாகச் சேஸிஸுக்குப் போகும். புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்த சேஸிஸிலோ, ஃபைபர் மட்கார்டிலோ அதை மாட்டினால் எர்த் கிடைக்காது. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் துடிப்பது மாதிரி பேய் வேலையெல்லாம் காட்டுவது இந்த எர்த் கோளாறுதான். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து, சேஸிஸில் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் ரிங் டெர்மினல் வைத்து முடியுங்கள்.

எல்இடியில் பெரும்பாலும் கறுப்பு எர்த். மலிவு செட்டுகளில் அது மாறியிருப்பதுண்டு. மாட்டும் முன் 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று ஒயர் வந்தால் மூன்றாவது, வண்டி ஓடும்போது எப்போதும் எரியும் டிஆர்எல் விளக்குக்கு. ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு ஐப்பசி மழை வரைதான் தாங்கும், பின் மட்கார்டுக்குக் கீழ் அதுகூடத் தாங்காது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள், அல்லது புல்லட் டெர்மினல் கிரிம்ப் செய்யுங்கள். கம்பெனி கப்ளரை வெட்டாமல் பக்கத்தில் இணைப்பு எடுத்தால் பின்னால் உதவும். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும் ஆர்எக்ஸுக்கு, ஆர்டிஓ ஆபீசுக்குப் போகும் முன் பழைய இண்டிகேட்டரைச் சொருகிக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

சட்டத்தில் இண்டிகேட்டர் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 102-ஆம் விதி சொல்வது: நிறம் ஆரஞ்சு, மின்னும் வேகம் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும். வேகத்தைத் திருகி மாற்றும் வசதி உள்ள ரிலே வாங்கினால் அரை நிமிடத்துக்கு 40, 45 தடவை வருகிற மாதிரி வையுங்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருந்தால் அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை. கூடவே 11 என்று இருந்தால் பைக்கின் முன்புறத்துக்கு, 12 என்று இருந்தால் பின்புறத்துக்கு. போலி முத்திரையும் புழக்கத்தில் உண்டு என்பதால், வாங்கும்போது வெயிலில் ஒருமுறை எரியவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பதே நம்பகமான சோதனை. வண்டியை ஆல்டர் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019-இல் சேர்த்த அபராதமும் தனியாக இருக்கின்றன. இண்டிகேட்டரை ஒழுங்காக வைத்ததால் சேஸிஸை வெட்டியது செல்லுபடியாகிவிடாது.

பழைய 6 வோல்ட் புல்லட் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மேலே சொன்ன ரிலேயும் எல்இடியும் 12 வோல்ட்டுக்கானவை. 6 வோல்ட்டில் ரிலே விழிக்கவே விழிக்காது, எல்இடியும் பெரும்பாலும் எரியாது. 6 வோல்ட் பல்பும் 6 வோல்ட் ஃப்ளாஷரும் தேடிப் போடுங்கள், இல்லையென்றால் முதலில் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு இண்டிகேட்டருக்கு வாருங்கள்.